லூஜ், டவுன்ஹில், உயிர்ச்சேதம்: பசங்களும் பெற்றோரும் கேட்டுக்கொண்டே இருக்கும் கேள்விகள்

மன்னார்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். குளிர்கால ஒலிம்பிக் நடக்கும் பிப்ரவரியில் இங்கே சம்பா அறுவடை முடிந்து வயலில் வைக்கோல் கட்டு கிடக்கும். எங்களுக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் சைக்கிள் சீட்டில் படிகிற ஈரம்தான். ஆனாலும் பனிச்சறுக்கு விபத்து வீடியோ ஒன்று கைப்பேசிகளில் சுற்ற ஆரம்பித்தால் போதும், மைதானத்திலும் டீக்கடையிலும் அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இருக்கின்றன.

சார், பனி விளையாட்டுல எதெல்லாம் ரொம்ப வேகம்?

இரண்டு வகை. ஒன்று, பனிக்கட்டி பூசிய கான்கிரீட் வாய்க்கால் போன்ற பாதையில் வண்டியில் சறுக்குவது. இதில் மூன்று போட்டிகள் உண்டு. லூஜில் மல்லாந்து படுத்து, கால் முன்னே போகும். ஸ்கெலிட்டனில் குப்புறப் படுத்து, தலை முன்னே போகும். பாப்ஸ்லெட்டில் கூடு மாதிரியான வண்டிக்குள் உட்கார்ந்து போவார்கள். ஸ்கெலிட்டன் மணிக்கு 130 கி.மீ. அளவில் போகும், லூஜும் பாப்ஸ்லெட்டும் 140-ஐச் சர்வசாதாரணமாகத் தாண்டும்.

இன்னொன்று, காலில் ஸ்கீ எனும் நீளமான சறுக்குப் பலகைகளை மாட்டிக்கொண்டு மலைச்சரிவில் இறங்குவது. அதில் வேகமானவை டவுன்ஹில், அதற்கடுத்து சூப்பர்-ஜி. சுவிட்சர்லாந்தின் வெங்கனில் நடக்கும் லாபர்ஹார்ன் டவுன்ஹில்லில் பிரான்ஸின் யோஹான் கிளாரே 2013இல் 161.9 கி.மீ. தொட்டார். நேர்க்கோட்டில் இறங்கி வேகத்தை மட்டும் அளக்கும் ஸ்பீடு ஸ்கீயிங் தனி ரகம். அதில் உலக சாதனை மணிக்கு 255.5 கி.மீ., பிரான்ஸின் சிமோன் பில்லி 2023இல் செய்தது.

நம்ம ஊர்க் கணக்குல சொல்லுங்க, 140ன்னா எவ்ளோ?

தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 216 அடி என்பார்கள். காற்றுத் தடையை மறந்துவிட்டுக் கணக்குப் போட்டால், அதன் உச்சியிலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது மணிக்குச் சுமார் 130 கி.மீ. வேகத்தில் இருக்கும். லூஜ் வீரர் அதைவிட வேகமாகப் போகிறார், உடம்பில் ஒட்டிய மெல்லிய உடையோடு.

பனி மெத்து மெத்துன்னுதானே இருக்கும்? விழுந்தா என்ன?

பந்தயப் பாதை அப்படி இருக்காது. டவுன்ஹில் சரிவில் தண்ணீர் பாய்ச்சி உறையவைத்துக் கல் மாதிரி ஆக்குவார்கள். இல்லாவிட்டால் முதல் பத்துப் பேர் போவதற்குள் பாதை பள்ளமாகிவிடும், பின்னால் வருகிறவருக்கு அது இன்னும் ஆபத்து.

லூஜுக்கு பிரேக்கே கிடையாதாமே? அப்புறம் எப்படித் திருப்புறாங்க?

கிடையாது. வண்டிக்கு அடியில் இரண்டு சட்டங்கள், அவற்றில் எஃகு விளிம்பு. முன்பக்கம் மேல்நோக்கி வளைந்த முனைகளைக் கெண்டைக்காலால் அழுத்தி, தோளையும் லேசாக அழுத்தித் திருப்புவார்கள். வளைவில் உடல் எடையைப்போல் நான்கைந்து மடங்கு அழுத்தம் வரும்போது இதைச் செய்ய வேண்டும். தலையைத் தூக்கிப் பார்த்தால் காற்று பிடித்து நேரம் போய்விடும். நேரத்தை ஆயிரத்தில் ஒரு நொடி வரை அளக்கிறார்கள், அதனால் பாதையை மனப்பாடமாக வைத்துக்கொண்டுதான் இறங்குவார்கள். இந்த மனப்பாடம் என்கிற சங்கதியை நினைவில் வையுங்கள், கீழே வேலை இருக்கிறது.

2010ல ஒரு பையன் தூண்ல மோதி செத்தானே, என்ன நடந்துச்சு?

நோதார் குமாரிதாஷ்விலி, ஜார்ஜியா நாட்டு லூஜ் வீரர், வயது 21. கனடாவின் வான்கூவர் ஒலிம்பிக்கில் 2010 பிப்ரவரி 12 அன்று, தொடக்க விழாவுக்குச் சில மணி நேரம் முன்பு, விஸ்லர் பாதையில் பயிற்சி ஓட்டத்தில் இறந்தார். பதினைந்தாம் வளைவிலிருந்து சற்றுத் தாமதமாக வெளியே வந்ததால் பதினாறாவதான கடைசி வளைவில் அவர் பிடித்த கோடு தவறிப்போனது. வண்டி கட்டுப்பாட்டை இழந்தது. வளைவு முடியும் இடத்தில் பக்கச் சுவருக்கு மேலே தூக்கி எறியப்பட்டு, பாதைக்கு வெளியே கூரையைத் தாங்கி நின்ற எஃகுத் தூணில் மோதினார். அப்போது வேகம் 143.6 கி.மீ.

அந்தத் தூணில் மெத்தை எதுவும் சுற்றப்படவில்லை. சுவரும் அந்த இடத்தில் தாழ்வு. மறுநாள் போட்டி தொடங்குவதற்குள் சுவரை மரத்தால் உயர்த்தினார்கள், தூண்களுக்கு மெத்தை சுற்றினார்கள், பனிக்கட்டியின் வடிவத்தைத் திருத்தினார்கள். ஆண்கள் புறப்படும் இடத்தை, அதுவரை பெண்கள் புறப்பட்ட இடத்துக்கு இறக்கினார்கள். ஒரே ராத்திரியில் செய்ய முடிந்த வேலை இது. எனக்கு இன்றுவரை உறுத்துவது இதுதான்.

அந்த வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். எனக்கு மட்டும் இரண்டு பெற்றோர் குழுவிலிருந்து வந்தது.

அது அவன் தப்புன்னு சொல்லிட்டாங்களாமே?

முதலில் அப்படித்தான் சொன்னார்கள். ஒரு வளைவிலிருந்து தாமதமாக வந்து சரிசெய்ய முடியாமல் போனார் என்றது அதிகாரிகளின் முதல் அறிக்கை. நடந்ததை மட்டும் பார்த்தால் அது பொய்யில்லை. ஆனால் லூஜில் வளைவைத் தவறவிடுவது தினசரி நடப்பது. தவறவிட்டவரெல்லாம் செத்துவிடுவதில்லை. வழுக்கி விழுந்து, தேய்ந்து, கீழே போய் எழுந்து நடப்பார்கள். அவர் தவறு வளைவில் முடிந்தது, உயிர் போனது தூணில்.

பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் மரண விசாரணை அதிகாரி அதே ஆண்டு கொடுத்த அறிக்கை, அந்தக் கடினமான பாதையில் அவருக்குப் போதிய பழக்கம் இல்லாததையும் ஒரு காரணமாகச் சொன்னது. மனப்பாடம் என்று சொன்னேனே, அது இங்கே வருகிறது. போட்டியை நடத்தும் நாட்டு வீரர்கள் அந்தப் பாதையில் ஆண்டுக்கணக்காகச் சறுக்கியிருந்தார்கள். வெளிநாட்டவருக்குக் கிடைத்த ஓட்டங்கள் அதோடு ஒப்பிட்டால் சொற்பம். பதக்கம் அதிகம் வேண்டும் என்று கனடா அப்படி வைத்துக்கொண்டது என்ற விமர்சனம் விபத்துக்கு முன்பே இருந்தது. உலகக் கோப்பைப் பட்டியலில் 44ஆம் இடத்தில் இருந்த, சின்ன நாட்டிலிருந்து வந்த பையனுக்குத்தான் பயிற்சி ஓட்டம் அதிகம் தேவை. கிடைத்தது குறைவு.

பாதை இவ்ளோ வேகம்னு முன்னாடியே தெரியாதா?

தெரியும். 2009இல் விஸ்லரில் சர்வதேசப் போட்டி நடந்தபோதே ஜெர்மனியின் ஃபெலிக்ஸ் லோக் 153.98 கி.மீ. தொட்டுவிட்டார். வடிவமைத்தவர்கள் எதிர்பார்த்ததைவிட இது ரொம்ப அதிகம். அதைப் பார்த்த சர்வதேச லூஜ் சம்மேளனம், அடுத்து ரஷ்யாவின் சோச்சியில் கட்டப்போகும் பாதை இவ்வளவு வேகமாக இருக்கக்கூடாது என்று சொன்னது. இருக்கிற பாதையை மாற்றச் சொல்லவில்லை.

ஒலிம்பிக்குல இதுவரைக்கும் எத்தனை வீரர் செத்திருக்காங்க?

குளிர்கால ஒலிம்பிக் களத்தில் உயிரிழந்த வீரர்கள் என்று நால்வரைச் சொல்வார்கள். 1964 இன்ஸ்ப்ரூக்கில் இரண்டு பேர்: பிரிட்டனுக்காக வந்த லூஜ் வீரர் காசிமியர்ஸ் கே-ஸ்க்ஷிபெட்ஸ்கி, ஆஸ்திரேலிய டவுன்ஹில் வீரர் ராஸ் மில்ன். 1992இல் சுவிட்சர்லாந்தின் நிக்கோலா பொஷாத்தே, ஸ்பீடு ஸ்கீயிங் இறுதிப்போட்டி நாளன்று காலையில். நான்காமவர் நோதார்.

மில்னுக்கு வயது 19. மரத்தில் மோதி இறந்தார். அனுபவம் போதாது என்று அப்போதும் ஒரு பேச்சு எழுந்தது. பாதையில் கூட்டமாக நின்றிருந்தவர்களால்தான் அவர் விலக நேர்ந்தது என்றார் ஆஸ்திரேலிய அணி மேலாளர். பொஷாத்தே மோதியது பனியைச் சமன்படுத்தும் இயந்திரத்தில். மணிக்கு 200 கி.மீ.க்கு மேல் போகும் போட்டிக்கு வந்தவர், அந்தப் போட்டிப் பாதையில் இறக்கவில்லை, உடம்பைச் சூடேற்றிக்கொள்ளப் போன வேறொரு சரிவில் இறந்தார்.

போட்டியிலதான் ரிஸ்க் அதிகம், பயிற்சியில என்ன?

மேலே உள்ள நால்வரில் ஒருவர்கூடப் போட்டி ஓட்டத்தில் இறக்கவில்லை. நான் இந்தப் பக்கத்தை எழுதியதற்கு முக்கியக் காரணமே இந்த விஷயம்தான்.

ஒலிம்பிக்குக்கு வெளியேயும் பட்டியல் அப்படித்தான் நீள்கிறது. பிரான்ஸின் ரெஜின் கவன்யூ 2001இல் சூப்பர்-ஜி உலக சாம்பியன். அதே ஆண்டு அக்டோபரில் ஆஸ்திரியப் பனிமலையில் பயிற்சியின்போது, குறுக்கே வந்த ஜெர்மன் பயிற்சியாளர் மேல் மோதி இரண்டு நாளில் இறந்தார். பிரான்ஸின் டேவிட் புவாசோன் 2017 நவம்பரில் கனடாவில் பயிற்சியில் வலையைத் தாண்டிப் போய் மரத்தில் மோதினார். இத்தாலியின் மட்டில்டே லொரென்சி, வயது 19, 2024 அக்டோபரில். அதே நாட்டின் மத்தேயோ ஃபிரான்சோசோ, வயது 25, 2025 செப்டம்பரில் சிலியில் பயிற்சியின்போது விழுந்து, பாதுகாப்பு வேலிகளைத் தாண்டிப் பாதைக்கு வெளியே இருந்த மரவேலியில் மோதினார்.

போட்டி நாளில் சரிவு முழுக்க வலை, மலை உச்சியிலிருந்து அடிவாரம் வரை மருத்துவக் குழு, தயாராக ஹெலிகாப்டர், பாதையில் வேறு ஆள் கிடையாது. அதே வீரர் அதே வேகத்தில் பயிற்சி எடுக்கும் சாதாரணச் சரிவில் இதில் பாதிகூட இருக்காது, ஏனென்றால் வலை கட்டுவது செலவு, ஆள்பலம். தொலைக்காட்சி வருகிற இடத்தில் செலவழிக்கிறார்கள். போட்டியில் யாரும் இறப்பதில்லை என்று இதை வைத்துச் சொல்லிவிடாதீர்கள். இரண்டு முறை உலகச் சாம்பியனான ஆஸ்திரியாவின் உல்ரிகே மையர் 1994 ஜனவரியில் கார்மிஷ்-பார்ட்டன்கிர்ஷன் டவுன்ஹில் போட்டியில்தான் கழுத்து முறிந்து இறந்தார்.

ஹெல்மெட் போட்டிருந்தும் எப்படி?

பைக்கில் ஹெல்மெட் போடாமல் டவுனுக்குப் போகிறவர்கள்தான் இதை அதிகம் கேட்கிறார்கள், அதைச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன்.

சர்வதேச ஸ்கீ சம்மேளனம் 2013-14 பருவத்திலிருந்து டவுன்ஹில் ஹெல்மெட்டுக்கான சோதனையைக் கடுமையாக்கியது. நொடிக்கு 6.8 மீட்டர் வேகத்தில் இடிக்கவிட்டுப் பார்ப்பார்கள். மணிக்குக் கணக்கிட்டால் 24, 25 கி.மீ.தான். 130இல் போகிறவருக்கு இது எப்படிப் போதும்? சரிவில் விழுகிறவர் சரிவோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டே போகிறார். அவர் தலை தரையை நோக்கி இறங்கும் வேகம் ஓர் ஆள் உயரத்திலிருந்தோ இன்னும் கொஞ்சம் மேலிருந்தோ விழும் அளவுதான். அதற்கு ஹெல்மெட் தாங்கும். குறுக்கே தூணோ மரமோ நின்றால் மொத்த வேகமும் ஒரே இடத்தில் இறங்கும், அதற்கு எந்த ஹெல்மெட்டும் கிடையாது.

தலையில் அடிபடாமலும் உயிர் போகும். கனடாவின் சாரா பர்க் 2012 ஜனவரியில் அமெரிக்காவில் ஹாஃப்பைப் (பாதிக் குழாய் வடிவப் பனிப்பள்ளத்தில் ஸ்கீயோடு தாவும் போட்டி) பயிற்சியில் விழுந்தார். கழுத்தில் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி கிழிந்து, ஒன்பது நாள் கழித்து இறந்தார். ஹெல்மெட் போட்டுத்தான் இருந்தார்.

அப்போ வேகம்தானே ஆளைக் கொல்லுது?

நிற்கிற தூரம்தான் கொல்லுகிறது. பத்தாம் வகுப்பு இயற்பியல் போதும். மணிக்கு 144 கி.மீ. என்பது நொடிக்கு 40 மீட்டர். அந்த வேகத்தில் வருகிறவர் 10 சென்டிமீட்டருக்குள் நிற்க நேர்ந்தால் உடம்பின் மேல் விழும் விசை எடையைப்போல் சுமார் 800 மடங்கு. 10 மீட்டருக்குள் நின்றால் சுமார் 8 மடங்கு. முதலாவது தூண், இரண்டாவது நன்றாகக் கட்டிய வலை. டவுன்ஹில்லில் வலையை வரிசை வரிசையாக வைப்பது இதற்குத்தான். முதல் வரிசை பிடுங்கிக்கொண்டு வந்தாலும் பரவாயில்லை, அடுத்தது பிடிக்கும், அதற்குள் வேகம் தின்னப்பட்டுவிடும்.

வலையே ஆளைக் கொன்னுச்சுன்னு ஒருத்தர் சொன்னாரு, நிஜமா?

நிஜம். 1991 ஜனவரி, வெங்கன். ஆஸ்திரியாவின் கெர்னோட் ரைன்ஷ்டாட்லர், வயது 20, தகுதி ஓட்டத்தில் கடைசி வளைவில் தடுமாறி ஓரத்து வலையில் போய் விழுந்தார். ஸ்கீயின் நுனி வலைக் கண்ணியில் மாட்டிக்கொண்டது. உடம்பு முன்னே போக, கால் பின்னே நின்றது. இடுப்பெலும்பு சிதைந்து, ரத்தப்போக்கு நிற்காமல் இறந்தார். அந்த வருடப் போட்டியை ரத்து செய்தார்கள். அதன்பிறகு வலையின் அடிப்பகுதியில் ஸ்கீ நுழைய முடியாதபடி வழுக்குத் துணி போர்த்துவது வழக்கமானது. தொலைக்காட்சியில் வலையின் கீழ்ப்பாதியில் நீளமாகத் தெரிகிறதே, விளம்பரத்துணி என்று நினைத்திருப்பீர்கள். அதற்கு வேலை இருக்கிறது.

ஏர்பேக் வந்துடுச்சாமே?

உடைக்கு உள்ளே போடும் மேல்சட்டை அது. உடம்பு கட்டுப்பாட்டை இழந்துவிட்டது என்று உணரிகள் கண்டுபிடித்ததும் கண் இமைக்கும் நேரத்தில் ஊதிக்கொள்ளும். முதுகு, மார்பு, தோள்பட்டைக்குக் காவல். 2024-25 பருவத்திலிருந்து டவுன்ஹில், சூப்பர்-ஜி உலகக் கோப்பையில் கட்டாயம். கூடவே, ஸ்கீயின் விளிம்பு காலைக் கிழிக்காமலிருக்க வெட்டுப்படாத துணியில் உள்ளாடையும் கட்டாயமானது. அதே 2024 ஜனவரியில் நார்வேயின் அலெக்சாண்டர் ஆமோட் கில்டே வெங்கனில் விழுந்தபோது அவர் ஸ்கீயே அவர் கெண்டைக்காலை ஆழமாகக் கிழித்து நரம்பைச் சேதப்படுத்தியிருந்தது.

மரத்தில் மோதுகிறவருக்கு ஏர்பேக் எவ்வளவு உதவும் என்பதற்கு இரண்டு கேள்விக்கு முந்தைய கணக்கைப் பாருங்கள். சில அங்குலம் தடிமன்தான் அது.

நம்ம ஆளுங்க யாராச்சும் இதுல இருக்காங்களா?

சிவ கேசவன். மணாலிக்காரர். 1998 நாகானோவில் 16 வயதில் லூஜில் இறங்கியவர், 2018 வரை ஆறு ஒலிம்பிக். இங்கே பாதையே இல்லாததால் வண்டிக்குச் சக்கரம் மாட்டி, லாரியும் ஆட்டு மந்தையும் போகிற மலைச்சாலையில் பயிற்சி எடுத்தார். வான்கூவரில் நோதார் இறந்த அதே பாதையில் அவரும் போட்டியிட்டு 29ஆம் இடம் பிடித்தார். 2014இல் சோச்சியில் பயிற்சியின்போது வண்டியிலிருந்து விழுந்து, வழுக்கிக்கொண்டே போய்த் திரும்ப ஏறிக்கொண்டார். உலகமே கைதட்டிய வீடியோ அது. விழுந்த இடத்தில் இடிக்க எதுவும் இல்லை, அதனால்தான் கைதட்ட முடிந்தது.

வேகத்தைக் குறைச்சிட்டா போச்சு, ஏன் குறைக்க மாட்டேங்கிறாங்க?

குறைக்கிறார்கள். சோச்சிப் பாதையில் மூன்று இடங்களில் மேட்டில் ஏறுகிற மாதிரி கட்டினார்கள். டவுன்ஹில்லில் வளைவைக் கூட்டி வேகத்தைக் கட்டுகிறார்கள். ஆனால் வளைவைக் கூட்டினால் முழங்காலுக்குச் சுமை கூடும், விழும் இடங்களும் கூடும். ஒரு பக்கம் அழுத்தினால் இன்னொரு பக்கம் புடைக்கிற சமாச்சாரம். வேகத்தை ஓரளவு குறைத்து, ஓரத்தில் இருப்பதை முழுசாக அகற்றுவதுதான் சரி என்பது என் கட்சி.

விழாமலே தலைக்கு ஏதாச்சும் ஆகுமா?

ஆகும், இதைப் பற்றிப் பேச்சே குறைவு. பாப்ஸ்லெட், ஸ்கெலிட்டன் வீரர்கள் ஒரு நாள் ஓட்டங்களுக்குப் பிறகு தலைவலி, மந்தம், வெளிச்சம் பார்த்தால் கூச்சம் என்பார்கள். அவர்களுக்குள் ‘ஸ்லெட் ஹெட்’ என்று பெயர். பனியின் அதிர்வும் வளைவின் அழுத்தமும் மூளையை ஆட்டிக்கொண்டே இருக்கின்றன. அமெரிக்க பாப்ஸ்லெட் வீரர் பாவ்லே யோவனோவிச் 2020இல், 43 வயதில் இறந்தார். பிறகு அவர் மூளையைப் பரிசோதித்தபோது, குத்துச்சண்டை வீரர்களிடம் காணப்படும் சி.டி.இ. என்ற மூளைச் சிதைவு இருந்தது. எந்த வலையும் இதற்கு உதவாது. ஓட்டங்களின் எண்ணிக்கையைக் குறைப்பது ஒன்றுதான் வழி, அதைச் செய்தால் பாதை மனப்பாடமாகாது. இந்த முடிச்சு இன்னும் அவிழவில்லை.

தெரிஞ்சேதானே போறாங்க சார்? அப்புறம் யாரைக் குறை சொல்றது?

இதற்குப் பாதி ஒப்புக்கொள்கிறேன். விழுவேன், எலும்பு உடையும் என்று தெரிந்துதான் போகிறார்கள். அந்த ஆபத்தை எடுத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் பொஷாத்தே பனி இயந்திரத்தை எதிர்பார்த்தா இறங்கினார்? நோதார் மெத்தையில்லாத தூணுக்குச் சம்மதித்தா கையெழுத்து போட்டார்? விளையாட்டுக்குள் இருக்கிற ஆபத்து வீரருடையது. ஓரத்தில் மறந்துவிட்டுப்போன இரும்பு, நடத்துகிறவருடையது. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி ‘ரிஸ்க் தெரியும்ல’ என்பது தப்பித்துக்கொள்ளும் பேச்சு.

ஆள் செத்த மறுநாளே போட்டி வைக்கலாமா?

வான்கூவரில் வைத்தார்கள். ஜார்ஜிய அணி தொடக்க விழாவில் கறுப்புப் பட்டையோடு நடந்தது. நோதாரின் சக லூஜ் வீரர் போட்டியிலிருந்து விலகிக்கொண்டார். வெங்கனில் ரத்து செய்ததை மேலே சொன்னேன். நான் வெங்கன் பக்கம்தான். நான்கு வருடம் உழைத்தவர்களின் வாய்ப்பு போய்விடும் என்று மாணவி ஒருத்தி வாதாடினாள், அதற்கும் என்னிடம் முழுப் பதில் இல்லை.

பனியே இல்லாத ஊர்ல இதைத் தெரிஞ்சு என்ன பண்ணப்போறோம்?

உங்கள் பள்ளி மைதானத்தில் 100 மீட்டர் ஓட்டத்தின் முடிவுக்கோட்டுக்கும் சுற்றுச்சுவருக்கும் இடையே எத்தனை அடி என்று அளந்து பாருங்கள். எங்கள் பள்ளியில் கோட்டைத் தாண்டிய பையன் கையை ஊன்றித்தான் சுவரில் நிற்பான். புறப்படும் கோட்டைப் பின்னால் தள்ளி இடம் ஒதுக்கினோம். வாலிபால் கம்பங்களுக்கு டிராக்டர் டயரின் பழைய டியூபை வெட்டிச் சுற்றி, உள்ளே வைக்கோல் அடைத்துக் கட்டியிருக்கிறோம். கபடித் தளத்தின் ஓரத்தில் ஒலிபெருக்கிக்காக நட்ட சவுக்குக் கட்டையைப் போட்டி நாளில் மட்டும் பிடுங்குவார்கள். இப்போது பயிற்சி நாளிலும் அது இருக்கக்கூடாது.

என் பொண்ணு ஸ்கேட்டிங் கிளாஸ் சேரணும்ங்கிறா சார், சேர்க்கலாமா?

தாராளமாகச் சேருங்கள். ஹெல்மெட்டும் முழங்கால், முழங்கை, மணிக்கட்டுக் காப்பும் இல்லாமல் அனுப்பாதீர்கள். முதல் வாரம் விழக் கற்றுக்கொடுக்கிறாரா என்று பாருங்கள். சேர்க்கும் முன் ஒரு நாள் போய் நின்று பார்க்க வேண்டியது பிள்ளைகளை அல்ல, தளத்தின் ஓரத்தை: விளக்குக் கம்பம், திறந்த வடிகால், நிறுத்திய வண்டி, குறுக்கே நடக்கும் ஆள். பைபாஸ் சாலையில் வகுப்பு நடத்துகிறவர் எவ்வளவு நல்ல பயிற்சியாளராக இருந்தாலும் வேண்டாம்.